பச்சைப்பாலும் பாச்சர் பாலும்

பச்சைப்பாலைக் குடிப்பதா, மெல்லச் சூடேற்றிப் பதப்படுத்திய பண்ணைப் பாலைக் குடிப்பதா என்னும் வினா, மேல்நாட்டுச் செல்வர்களின் உணவு மேசையிலிருந்து புறப்பட்டுக் கைத்தொலைபேசி வழியாகப் புத்தளம் மாவட்டக் கடற்கரையிலுள்ள தலவில வரை வந்து சேர்ந்திருக்கிறது. காய்ச்சினால் பாலின் சத்து அழிந்துவிடுமாமே, கறந்த சூட்டோடு கொடுப்பதுதான் பிள்ளைக்கு நல்லதாமே என்று தாய்மார் சிலர் நம்மிடம் கேட்கின்றனர். கேட்பவருள் பெரும்பாலோர் வீட்டில் பசு இல்லை. அலுமாரியில் இருப்பது பால்மாப் பொட்டலம். தம்மிடம் இல்லாத இரு பொருள்களுள் எது சிறந்தது என்று ஏழைத் தாய் ஒருத்தி கவலைப்பட நேர்வது விசித்திரந்தான். ஆயினும் அக்கவலையை எள்ளி நகையாடிவிட்டுப் போவது ஆசிரியத் தொழிலுக்கு அழகன்று. பிள்ளையின் உடல்நலம் பற்றிய கேள்வி அது. அதற்கு விடை தேடுவோர் பாலின் அண்மைக்கால வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்க்க வேண்டும். அவ்வரலாறு விஞ்ஞானத்தின் வரலாறாக இருக்கும் அளவுக்கு வர்க்கங்களின் வரலாறாகவும் இருக்கின்றது.

நம் நாட்டு அடுக்களை பாலைக் காய்ச்சும் அடுக்களை. புதுமனை புகும்போது அங்கு முதலில் அடுப்பேறுவது பால்; தைத்திங்களில் பொங்கி வழிய விடுவதும் பால். வெப்பநாட்டில் விடியலில் கறந்த பால் உச்சிப்பொழுதுக்குள் திரிந்துவிடும் என்ற நீண்ட அனுபவமே இவ்வழக்கத்தின் வேர். பொங்கி எழும் பாலின் சூடு 100 பாகையை எட்டும். அவ்வெப்பத்தில், பால்வழி மனிதருக்குப் பரவும் நோய்க்கிருமிகள் உயிர்பிழைப்பதில்லை. இதைக் கண்டு, நம் முன்னோர் பாச்சருக்கு முன்பே பாச்சர் முறையை அறிந்திருந்தனர் என்று மேடையேறி முழங்கப் பழம்பெருமைக்காரர் சிலர் விரையக்கூடும். அவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். நம் முன்னோர் அறிந்திருந்தது பால் கெடுவதைத்தான். பாலினால் மனிதர் கெடுவதை அல்ல. நோயுற்றுத் தேறுகிறவனுக்கு வலுவூட்டவென்று கறந்த பாலைக் காய்ச்சாமல் கொடுத்ததும், காய்ச்சிய பாலில் பச்சைக் கிணற்றுநீரைக் கலந்து ஆற்றியதும் இதே அடுக்களைதான். வழக்கம் நன்மை செய்தது. காரணம் தெரியாத வழக்கமாகையால் அரைகுறையாகவே செய்தது.

காரணத்தைக் கண்டறிந்தவர் பிரான்சின் லூயி பாச்சர் என்பதை மாணவர் அறிவர். ஆனால் அவர் முதலில் காப்பாற்ற முனைந்தது பாலை அன்று, திராட்சை மதுவை. பிரான்சின் மது வணிகம் மது புளித்துக் கெடுவதால் நட்டமடைந்துகொண்டிருந்தது. மதுவைக் கொதிநிலைக்குக் கீழேயே சிறிது நேரம் சூடேற்றினால் அதைக் கெடுக்கும் நுண்ணுயிர்கள் மாளும், சுவையும் கெடாது என்று 1864 அளவில் அவர் காட்டினார். குழந்தைகளின் பாலுக்கு இம்முறையை எடுத்துரைத்தவர் ஜெர்மானிய வேதியியலாளர் ஃபிரான்ஸ் ஃபொன் சொக்ஸ்லெட், அது 1886இல். மதுவுக்கும் மழலைக்கும் இடையே 22 ஆண்டுகள் கழிந்தன. முதலாளித்துவம் எதை முதலில் காப்பாற்றும் என்பதற்கு இதைவிட நேரான சான்று கிடைப்பது அரிது.

அக்காலத்து மேல்நாட்டு நகரங்களில் பாலின் நிலை எவ்வாறிருந்தது? கிராமத்தில் பசுவுக்கும் குழந்தைக்கும் இடையே இருந்த தூரம் ஒரு முற்றத்தின் தூரம். தொழிற்புரட்சி அம்முற்றத்தைப் பல மைல்களாக்கியது. தாய்மார் ஆலைக்குப் போயினர். குழந்தைகள் புட்டிப்பாலுக்கு வந்தனர். நியூயோர்க் நகரில் சாராய ஆலைகளை ஒட்டியே மாட்டுக் கொட்டில்கள் அமைக்கப்பட்டன. வடித்தெடுத்தபின் எஞ்சிய சூடான கழிநீரே மாடுகளின் தீவனம். வெளிச்சமும் காற்றும் காணாத கொட்டிலில், பல் விழுந்து வால் அழுகி நின்ற மாடுகளிலிருந்து கறந்த நீலம் பாய்ந்த பாலில் சுண்ணப்பொடியும் மாவும் கலந்து, தூய நாட்டுப்புறப் பால் என்று வண்டிகளில் எழுதி விற்றனர். ஃபிராங் லெஸ்லி என்பவரின் படப் பத்திரிகை 1858இல் இக்கொட்டில்களைச் சித்திரங்களோடு அம்பலப்படுத்தியபோது நகரமே திடுக்கிட்டது. அக்குழந்தைகள் குடித்ததும் பச்சைப்பாலே என்பதை, பச்சைப்பால் என்றதும் புல்வெளியையும் பனித்துளியையும் கற்பனை செய்வோர் நினைத்துப் பார்ப்பதில்லை.

இக்கேட்டுக்கு இரு பரிகாரங்கள் அமெரிக்காவில் ஒரே ஆண்டில், 1893இல், ஒன்றுக்கொன்று எதிராக எழுந்தன. நியூஜேர்சியைச் சேர்ந்த ஹென்றி கொய்ட் என்னும் மருத்துவர் பாலைச் சூடாக்க வேண்டாம், பண்ணையைத் தூய்மையாக்குவோம் என்றார். மருத்துவர் குழு பசுக்களைப் பரிசோதிக்கும். கறப்பவனின் கையும் உடையும் சோதனைக்கு உட்படும். பால் உடனே குளிரூட்டப்பட்டு முத்திரையிட்ட போத்தலில் வீடு சேரும். இதற்குச் சான்றுபெற்ற பால் என்று பெயர். குறை சொல்ல இடமில்லாத திட்டம், விலை ஒன்றைத் தவிர. சாதாரணப் பாலைப்போல் இரு மடங்கும் அதற்கு மேலும் கொடுத்து அதை வாங்கக்கூடியவர் நகரத்தில் மிகச் சிலரே. அதே ஆண்டில் நியூயோர்க்கின் கிழக்குப் பகுதியில், குடியேறிய தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த சேரியில், நேதன் ஸ்ட்ராவுஸ் முதலாவது பால் நிலையத்தைத் திறந்தார். அங்கே பால் சூடேற்றிப் பதப்படுத்தப்பட்டுக் குறைந்த விலைக்கும், இயலாதோருக்குச் சீட்டுக் காட்டினால் இலவசமாகவும் கொடுக்கப்பட்டது. அவருடைய பால் சென்ற அநாதை விடுதியில் குழந்தைச் சாவு வெகுவாகக் குறைந்தது. ஸ்ட்ராவுஸ் பெருவணிகர், அவர் புரட்சிக்காரர் அல்லர். எனினும் செல்வரின் குழந்தைக்குச் சான்றுபெற்ற பச்சைப்பால், ஏழையின் குழந்தைக்குச் சூடேற்றிய பால் என்ற பிரிவினை அன்றே உருவாகிவிட்டது. சூடேற்றும் முறை சிக்கனமானது என்பதாலேயே அது ஏழையின் முறையாயிற்று. ஏழையின் முறையாகையால் தாழ்ந்தது என்ற எண்ணமும் ஒட்டிக்கொண்டது. இன்று பச்சைப்பால் இயற்கையானது, உயர்ந்தது என்று பேசுவோர் பலர், தாம் அறியாமலே, அந்தப் பழைய எண்ணத்தின் எச்சத்தையே பேசுகின்றனர் என்பது நம் கருத்து.

ஆனால் எதிர்ப்பாளர் யாவரும் மூடர் என்று கொள்வது தவறு. சூடேற்றலாம் என்ற துணிவில் பால்காரர் அழுக்கைப் பற்றிக் கவலைப்படாமல் போவர், செத்த கிருமிகளை விலைக்கு விற்பர் என்று நேர்மையான சுகாதாரவாதிகளே அஞ்சினர். அச்சம் ஆதாரமற்றதன்று. சூடாக்கிய பாலை மட்டும் உண்டு வளர்ந்த குழந்தைகள் சிலருக்கு ஸ்கேவி என்னும் நோய் கண்டதும் உண்மை. உயிர்ச்சத்து சீ பாலில் இயல்பாகவே குறைவு. அந்தச் சிறிதையும் சூடு குறைத்துவிடுகிறது. தோடம்பழச் சாறு சிறிது கொடுத்தால் அக்குறை தீரும் என்று நியூயோர்க் மருத்துவர் அல்ஃபிரட் ஹெஸ் 1910களில் காட்டினார். கிருமியியலின் பேராசான் ரொபேட் கொக் கூட ஒரு பெருங்குழப்பத்தை விளைவித்தார்: மாட்டின் காசநோய் மனிதருக்குத் தொற்றுவது மிக அருமை, அதுபற்றி நடவடிக்கை வேண்டியதில்லை என்று 1901இல் இலண்டன் மாநாட்டில் அறிவித்தார். பிரித்தானிய அரசு விசாரணைக்குழு ஒன்றை அமைத்து, 10 ஆண்டு ஆராய்ந்து, 1911இல் அவர் கருத்தை மறுத்தது. குழந்தைகளின் கழுத்துக் கழலை, எலும்பு, குடல் ஆகியவற்றைப் பற்றும் காசநோயில் கணிசமான பகுதி பசுவின் பால்வழி வந்ததே என்று நிலைநாட்டப்பட்டது. இதற்கிடையில் 1908இல் சிக்காகோ நகரம், காசநோய்ப் பரிசோதனையில் தேறாத மாடுகளின் பாலைச் சூடேற்றியே விற்க வேண்டும் என்று சட்டமியற்றியது.

மால்டாத் தீவின் கதை குடியேற்ற ஆட்சியை அனுபவித்த நமக்கு மிகவும் நெருக்கமானது. மத்தியதரைக் கடலில் பிரித்தானியரின் கடற்படைத் தளமாக இருந்த அத்தீவில் படைவீரர்கள் மாதக்கணக்கில் விட்டுவிட்டு வரும் காய்ச்சலால் வருந்தினர். இறந்த வீரரின் மண்ணீரலில் அதன் கிருமியை 1887இல் கண்டவர் இராணுவ மருத்துவர் டேவிட் புரூஸ். ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்பது ஏறத்தாழ 18 ஆண்டுகள் புரியாதிருந்தது. 1905இல் விடையைக் கண்டவர் அத்தீவின் மைந்தரான தெமிஸ்தொக்கிளிஸ் சம்மித்: நோயின் எவ்வித அடையாளமுமின்றித் தெருவில் கொழுத்துத் திரிந்த ஆடுகளின் இரத்தத்தில் அவர் அதைக் கண்டார், பின்னர் பாலிலும் கிருமி காணப்பட்டது. மால்டாவில் இடையர் ஆட்டை வீட்டு வாசலுக்கே ஓட்டிவந்து, வாங்குவோரின் கண்முன்னே கலத்தில் கறந்து கொடுப்பர். கலப்படமில்லை, பழையதில்லை, இடைத்தரகரில்லை. இதைவிடப் புதிய, இதைவிட நேர்மையான பச்சைப்பால் உலகில் இருக்க முடியாது. நோயும் அதில்தான் இருந்தது. தெரிந்தவரின் மாடு, கண்முன் கறந்த பால் என்ற நம்பிக்கை கலப்படத்தைத் தடுக்கும், கிருமியைத் தடுக்காது.

அதன்பின் நடந்ததைக் கவனிக்க வேண்டும். 1906இல் படையினருக்கு ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டது, டின்பால் வந்தது, பாசறையில் காய்ச்சல் விரைந்து வீழ்ந்தது. தீவின் குடிமக்களோ ஆட்டுப்பாலைக் குடித்துக்கொண்டும் காய்ச்சலில் கிடந்துகொண்டும் இருந்தனர். பாலைப் பாச்சர் முறையில் பதப்படுத்தும் நிலையம் அங்கே 1938இல்தான் இயங்கத் தொடங்கியது. கண்டுபிடித்தவர் தீவின் மைந்தர். பயன்பெற்றது பேரரசின் படை. மக்கள் காத்திருந்தது 30 ஆண்டுகளுக்கு மேல். புருசெல்லா என்ற அக்கிருமி இலங்கையின் மாட்டு மந்தைகளிலும் உண்டு என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறோம்.

மெல்லிய சூடு என்று விளம்பரப்படுத்தப்படுவது யாது? 63 பாகை செல்சியஸ் சூட்டில் பாலை 30 நிமிடம் வைத்திருக்கும் பழைய முறையே அது. பெரிய ஆலைகள் 72 பாகையில் 15 விநாடி செய்கின்றன. இரண்டும் நோய்க்கிருமிகளைக் கொல்லும் வகையில் கணிக்கப்பட்டவை. பாலிலுள்ள பொஸ்பற்றேசு என்னும் நொதியம் காசக்கிருமியைவிடச் சற்றே கூடுதலான சூட்டில் அழிகிறது. அந்நொதியம் அழிந்திருந்தால் கிருமியும் அழிந்தது என்று கொள்ளும் எளிய சோதனை 1930களில் உருவாயிற்று. கியூ காய்ச்சலின் கிருமி மேலும் தாக்குப்பிடிப்பதென்று தெரிந்தபின், 1956இல் அமெரிக்காவில் சூட்டின் அளவை ஒரு பாகைக்கு மேலாக உயர்த்தினர். மெல்லிய சூட்டில் பாலின் சுவை பெரிதும் மாறாது. ஏடு மேலே திரளும். புரதங்கள் குறைவாகவே மாற்றமடையும். நல்ல பால்தான். ஆனால் சூட்டுமானியும் அரை மணி நேரப் பொறுமையும் அதன்பின் உடனடிக் குளிரூட்டலும் தேவைப்படும் பால் அது. நம் வீட்டு அடுப்பில் ஒருமுறை பொங்க வைத்து மூடி வைப்பதற்குக் கூடுதலான பாதுகாப்பு எதையும் அது தருவதில்லை. கல்சியமும் புரதத்தின் ஊட்டமும் காய்ச்சுவதால் போய்விடுவதுமில்லை.

பச்சைப்பால் கட்சியினர் இன்று சுட்டும் சான்று ஒன்று உண்டு. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஐரோப்பியப் பண்ணைகளில் வளரும் பிள்ளைகளிடையே, காய்ச்சாத பண்ணைப் பால் குடிப்போருக்கு ஈளைநோய் குறைவாகக் காணப்பட்டதாகவும், காய்ச்சிய பாலில் அத்தொடர்பு காணப்படவில்லை என்றும் 2011இல் ஒரு பெரிய ஆய்வு வெளியாயிற்று. ஆய்வை நடத்தியவரே, நோய்க்கிருமி அபாயம் கருதிப் பச்சைப்பாலைக் குடிக்குமாறு சொல்ல முடியாது என்றும் எழுதினர். முகநூலில் முதற்பகுதி மட்டும் உலவுகிறது. ஸ்கொட்லாந்து 1983இல் பச்சைப்பால் விற்பனையைத் தடை செய்தது. 2024 மார்ச்சில் அமெரிக்கக் கறவை மாடுகளில் பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டபோது, நோயுற்ற மாடுகளின் பச்சைப்பாலில் வைரசு ஏராளமாக இருந்தது. பாச்சர் முறை அதைச் செயலிழக்கச் செய்தது.

ஆயினும் சூடேற்றும் கொப்பரை தன்னளவில் மக்கள் பக்கம் நிற்பதில்லை. யாருடைய கொப்பரை என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. குஜராத்தின் கேடா மாவட்டத்தில் நடந்தது இதற்கு விளக்கம். 1945இல் பம்பாய் அரசின் பால் திட்டத்துக்குக் கேடாவின் பாலைத் திரட்டி, ஆனந்த் நகரில் பதப்படுத்தி, 400 கிலோமீற்றருக்கு மேல் கொண்டுசெல்லும் உரிமை பொல்சன் என்ற தனியார் நிறுவனத்துக்குக் கிடைத்தது. பாச்சர் முறை இல்லாவிடின் அப்பால் பம்பாயை அடையுமுன் திரிந்திருக்கும். அம்முறை கையில் இருந்ததால் நிறுவனம் விலை வைத்தது. உழவர் அவ்விலைக்கே ஊற்ற வேண்டியதாயிற்று. 1946 ஜனவரி 4இல் சமர்க்கா கிராமத்தில் கூடிய உழவர் பால் ஊற்ற மறுத்தனர். 15 நாள் வேலைநிறுத்தம். பம்பாய்க்கு அவர்கள் பால் போகவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. திரிபுவன்தாஸ் பட்டேல் ஊர் ஊராக நடந்து அதைக் கட்டினார். 1948இல் சங்கமே பாலைப் பதப்படுத்தத் தொடங்கியது. 1949இல் வர்கீஸ் குரியன் வந்து சேர்ந்தார். எருமைப்பாலைப் பால்மாவாக்க முடியாது என்று மேல்நாட்டு நிபுணர் கைவிரித்தபோது, தலாயா என்ற பொறியியலாளர் அதைச் செய்து காட்டியது சுவையான கிளைக்கதை. 1955இல் திறந்த ஆலையில் எருமைப்பால்மா உருவாயிற்று. அதே 63 பாகைதான், அதே கொப்பரைதான். உடைமை கைமாறியதும் பயனும் கைமாறியது.

நம் நாடு வேறு பாதையில் சென்றது. குடியேற்ற காலத்திலேயே இனிப்பூட்டிய டின்பால் நம் தேநீர்க்கடைகளையும் தோட்டத்து லயங்களையும் பிடித்துக்கொண்டது. அண்டைய சிங்கப்பூரில், தாய்ப்பாலுக்குப் பதிலாக அத்தகைய டின்பாலைக் கொடுக்கத் தூண்டும் விளம்பரத்தால் குழந்தைகள் மடிவதைக் கண்ட மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், 1939இல் ரோட்டரிக் கழக மேடையில் அதைப் படுகொலை என்றே சொன்னார். சுதந்திர இலங்கை 1954இல் பாற்சபைச் சட்டத்தை இயற்றியது. 1956இல் தேசியப் பாற்சபை பிறந்தது. ஊர்தோறும் பால் சேகரிப்பது, நாரஹேன்பிட்டியில் பதப்படுத்துவது, அம்பேவெலவில் பால்மா ஆக்குவது என்று ஒரு தேசியத் தொழில் உருவாகிக்கொண்டிருந்தது. 1977இல் பொருளாதாரத்தின் கதவுகள் திறந்துவிடப்பட்டன. மானியத்தால் கொழுத்த மேல்நாட்டுப் பண்ணைகளின் பால்மா வந்து குவிந்தது. உள்ளூர்க் கறவையாளன் அதனோடு போட்டியிட முடியவில்லை. பாற்சபை பெயர் மாறி, உருமாறி, இன்று மில்கோவாக நிற்கிறது. நாட்டின் பால் தேவையில் பாதிக்கும் மேல் வெளியிலிருந்து வருகிறது. 2013இல் நியூசிலாந்துப் பால்மாவில் டி.சி.டி. என்ற வேதிப்பொருள் பற்றிய சர்ச்சை எழுந்தபோது, மாற்று இல்லாத மக்கள் திகைத்தனர். 2021 ஒக்டோபருக்கு முன் 380 ரூபாவாக இருந்த 400 கிராம் பொட்டலம் 2022 மார்ச்சில் 790 ரூபாவாயிற்று. அதற்கும் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. பால்தேநீர் பல வீடுகளில் வெறுந்தேநீராயிற்று. அந்நாட்களில் பச்சைப்பாலா பாச்சர் பாலா என்று எவரும் கேட்கவில்லை.

கற்பிட்டிக் குடாநாட்டில் பசு இல்லாமலில்லை. தென்னந்தோப்புகளின் நிழலில் மாடுகள் மேய்கின்றன. ஆனால் சிறு பண்ணையாளரில் பெரும்பாலோர் நாளுக்கு ஒருமுறையே கறக்கின்றனர். மாலைப் பாலை வாங்குவோர் இல்லை. இந்த வெப்பத்தில் பாலிலுள்ள கிருமிகள் 20 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை இருமடங்காகப் பெருகக்கூடும். 4 பாகைக்குக் குளிர்த்தும் தாங்கி அருகில் இல்லாவிட்டால் மாலையில் கறப்பது வீண் உழைப்பு. எனவே கன்றே அதைக் குடிக்கிறது. மார்ச்சிலும் ஓகஸ்டிலும் புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு இலட்சக்கணக்கான யாத்திரிகர் தலவிலவில் கூடும்போதும், மணலில் முளைக்கும் தேநீர்க்கடைகளில் கரைவது கடல் கடந்து வந்த பால்மாவே. தோப்பிலே பசுவும், அதன் அருகிலேயே இறக்குமதிப் பொட்டலமும் இருப்பதற்குக் காரணம் ஒரு குளிர்த்தாங்கியின் இன்மை என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். விலையும் இறக்குமதிக் கொள்கையும் அதன் பின்னால் நிற்கின்றன என்பதை மறுக்கவில்லை.

தாய்மாரின் கேள்விக்கு நாம் தரும் நேரடி விடை சுருக்கமானது: பசும்பால் கிடைத்தால் வாங்குங்கள், ஒருமுறை நன்கு பொங்கவிட்டு மூடி வையுங்கள், அன்றே பயன்படுத்துங்கள், கறந்த சூட்டோடு எந்தப் பிள்ளைக்கும் கொடுக்காதீர்கள், ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாகப் பசும்பாலைக் கொடுக்காதீர்கள். இத்துடன் விடை முடிந்திருக்கும், நம் ஊர் வேறோர் ஊராக இருந்திருந்தால்.

1945இல் அமெரிக்காவின் அயோவா மாநில மருத்துவர் ஹன்டர் கொம்லி, உடல் நீலம் பூத்த கைக்குழந்தைகளைப் பற்றி எழுதினார். அக்குழந்தைகள் குடித்தது பண்ணைக் கிணற்று நீரில் கரைத்த புட்டிப்பால். கிணற்று நீரில் நைத்திரேற்று மிகுந்திருந்தது; அது குழந்தையின் உடலில் மாற்றமடைந்து, இரத்தம் உயிர்வளியைச் சுமக்க முடியாமல் செய்தது. இதற்குச் சூடு பரிகாரமன்று. நீர் ஆவியாக ஆவியாக நைத்திரேற்றின் செறிவு கூடுமேயன்றிக் குறையாது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் வைத்துள்ள எல்லை. கற்பிட்டிக் குடாநாட்டின் மணலில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இடப்படும் உரம் ஆழமற்ற கிணறுகளுக்குள் நேரே இறங்குகிறது. அவ்வெல்லையைத் தாண்டிய கிணறுகள் இங்கே பல உள என்பதை ஆய்வாளர் பலகாலமாக எழுதி வருகின்றனர். புட்டிக்குள் போகும் பால்மாவின் விலையை வர்த்தமானியில் அச்சிட்ட அரசு, அப்புட்டிக்குள் போகும் நீரின் அளவீட்டை ஒவ்வொரு கிணற்றடியிலும் எழுதி வைக்க இன்னும் முன்வரவில்லை.